பாக்கெட் நோட்டுக் கணக்கு

118, 127, 148.

லாட்டரி நம்பர் என்று நினைத்துவிடாதீர்கள். மூன்றும் நாள் கணக்கு. வேலைக்குப் போகாமல், சம்பளம் வாங்காமல் மனிதர்கள் வீதியில் நின்ற நாட்கள்.

118 நாள் நின்றவர்கள் ஹாலிவுட் நடிகர்கள். 148 நாள் நின்றவர்கள் அதே ஹாலிவுட்டின் எழுத்தாளர்கள். இரண்டும் 2023-ல் நடந்தவை. சரி, நடுவில் உட்கார்ந்திருக்கிற அந்த 127?

அது நம்ம திருப்பூர். வருடம் 1984. நின்றவர்கள் பனியன் தொழிலாளர்கள்.

‘ஹாலிவுட்டுக்கும் பனியனுக்கும் என்னய்யா சம்பந்தம்?’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. சம்பந்தம் இருக்கிறது. மூன்று கூட்டமும் கேட்டது கிட்டத்தட்ட ஒரே கேள்விதான். ‘ஒரு தடவை கூலி பேசியாச்சு. அதற்கப்புறம் ஊர் உலகமே மாறிப்போச்சு. பேசின கூலி மட்டும் அப்படியே நின்னா எப்படிங்க?’

முதலில் திருப்பூருக்குப் போவோம்.

இன்றைக்கு வருடத்துக்கு 30 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்கிற ஊர். ஆனால், 1984-ல் அது கோவை மாவட்டத்தில் இருந்த ஓர் ஊர், அவ்வளவுதான். 1920-களில் குலாம் காதர் தொடங்கிய பனியன் கம்பெனியிலிருந்துதான் இந்தத் தொழிலின் கதையை ஆரம்பிப்பார்கள். அதற்கப்புறம் அரை நூற்றாண்டுக்கு வெள்ளை பனியன், ஜட்டி, உள்நாட்டு வியாபாரம் என்றே காலம் ஓடியது. 1978-ல் வெரோனா என்ற இத்தாலிக்காரர் மும்பை வியாபாரிகள் மூலமாக வெள்ளை டி-ஷர்ட் தேடி வந்தார். ஊருக்கு வெளிநாட்டுக் கதவு திறந்தது அப்போதுதான்.

ஒரு பனியன் ஒரே ஆள் கையில் முடிகிற சமாச்சாரம் இல்லை. நிட்டிங்கில் நூல் துணியாகும். அது சலவைக்கும் சாயத்துக்கும் போய்த் திரும்பும். கட்டிங் மாஸ்டர் வெட்டுவார். ஓவர்லாக்கில் ஒருவர் பக்கங்களைச் சேர்ப்பார், இன்னொருவர் கழுத்துப் பட்டி வைப்பார். கைமடிக்க ஒரு ஆள், செக்கிங்குக்கு ஒரு ஆள், அப்புறம் அயர்னிங், பேக்கிங். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ரேட். டெய்லர்களுக்குப் பெரும்பாலும் பீஸ் ரேட். எத்தனை பீஸோ அத்தனை காசு. சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம்.

சில வருடங்களுக்கு முன்னால் திருப்பூர் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு டீக்கடையில் வயதான டெய்லர் ஒருவருடன் பேசிக்கொண்டிருந்தேன். பேச்சுக்கு நடுவே சட்டைப் பையிலிருந்து கையடக்க நோட்டு ஒன்றை எடுத்து, பென்சிலால் ஏதோ எழுதி மறுபடி பையில் வைத்துக்கொண்டார்.

‘‘என்னங்க அது?’’ என்றேன்.

‘‘பீஸ் கணக்குங்க தம்பி. இன்னிக்கு மத்தியானம் வரைக்கும் தெச்சது.’’

‘‘கம்பெனியில எழுதுவாங்கல்ல?’’

அவர் சிரித்தார். ‘‘அது அவங்க கணக்குங்க. சனிக்கிழமை ரெண்டையும் ஒத்துப் பாக்கோணுமில்லீங்க?’’

இந்த நோட்டைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

பீஸ் ரேட்டில் ஒரு சிக்கல் உண்டு. தைக்கிற கை வேகமானால் காசு கூடும், சரி. ஆனால் அரிசி விலை ஏறினால்? வீட்டு வாடகை ஏறினால்? ரேட் அசையாது. எழுபதுகளில் இரண்டு முறை பெட்ரோல் விலை உலகத்தையே உலுக்கியது. அது ஏறினால் கூடவே எது எதெல்லாம் ஏறும் என்று இல்லத்தரசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சர்க்கார் உத்தியோகஸ்தருக்கும் பெரிய மில் தொழிலாளிக்கும் இதற்கு ஒரு மருந்து ஏற்கெனவே இருந்தது. பஞ்சப்படி. விலைவாசிக் குறியீட்டு எண் இத்தனை புள்ளி ஏறினால், சம்பளத்தோடு இத்தனை காசு கூட வரும். ஒவ்வொரு தடவையும் முதலாளி முன்னால் போய்த் தலையைச் சொறிய வேண்டாம். சூத்திரமே பார்த்துக்கொள்ளும்.

அந்தச் சூத்திரம் எங்களுக்கும் வேண்டும் என்றுதான் 1984-ல் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். இடதுசாரித் தொழிற்சங்கங்கள் முன்னால் நின்றன. ஒரு கம்பெனி, இரண்டு கம்பெனி இல்லை… ஊர் முழுக்க.

127 நாள் என்று சொல்லும்போது சாதாரணமாகத்தான் இருக்கிறது. வாரமாக மாற்றிப் பாருங்கள். 18 சனிக்கிழமை! பதினெட்டு வாரம் சம்பளக் கவர் இல்லாமல் வீடு நடத்துவது என்றால் என்னவென்று, வாரச் சம்பளத்தில் வாழ்ந்தவர்களுக்குத்தான் தெரியும். மளிகைக் கடைக்காரர் எத்தனை வாரம் நோட்டில் எழுதிக்கொண்டு சாமான் கொடுப்பார்?

இந்தச் சண்டையில் இன்னொரு வலி இருந்தது. எதிரில் இருந்த முதலாளி எல்லோரும் பிறந்ததிலிருந்தே முதலாளி இல்லை. திருப்பூரின் தனி குணம் அது. சுற்றுவட்டார கிராமங்களில் விவசாயம் பார்த்துவிட்டு வந்து, கம்பெனியில் வேலை கற்று, நாலு மெஷின் வாங்கிப் போட்டு, மெதுவாக மேலே வந்தவர்கள் ஏராளம். பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருந்தவர்தான் எதிர்ப் பக்கத்தில். அவர்கள் பக்கமும் ஒரு கஷ்டம் உண்டு. நூல் விலை அவர்கள் கையில் இல்லை. சரக்கு எடுக்கிற வியாபாரி கேட்கிற விலையும் அவர்கள் கையில் இல்லை. ‘விற்கிற விலை ஏறுமா என்று தெரியாமல், கொடுக்கிற கூலி தானாக ஏறும் என்று எப்படிக் கையெழுத்துப் போடுவது?’ அதுவும் கேட்க வேண்டிய கேள்விதான்.

கடைசியில் பஞ்சப்படி திருப்பூர் சம்பள ஒப்பந்தத்துக்குள் ஏறியது. தொழிலாளர்கள் ஜெயித்தார்கள் என்று சொல்லி இங்கேயே முற்றும் போட்டுவிடலாம்.

ஆனால், வரலாறு அப்படி முடிவதில்லையே!

ஒப்பந்தம் வந்தது. கூடவே தொழிலின் உருவமும் மாறியது. ஒரே கூரைக்குக் கீழே நடந்த வேலைகள் சிதறின. நிட்டிங் ஓர் இடம், சாயம் ஓர் இடம், தையல் ஊர் முழுக்க இருக்கிற சின்னச் சின்ன யூனிட்களில். நடுவில் கான்ட்ராக்டர் வந்தார். பெண்கள் பெருமளவில் வேலைக்கு வந்தார்கள். ஏற்றுமதி எகிறியது. 1985-ல் சுமார் 15 கோடி ரூபாய் என்று கணக்கிடப்பட்ட ஏற்றுமதி, ஐந்தே வருடத்தில் சுமார் 300 கோடியைத் தொட்டது. ஆனால், கான்ட்ராக்டரிடம் வேலை பார்க்கிற ஆள் கம்பெனியின் மஸ்டர் ரோலில் இருக்க மாட்டார். மஸ்டர் ரோலில் பேர் இல்லை என்றால் பஞ்சப்படி ஏது, ஈ.எஸ்.ஐ. ஏது, பி.எஃப். ஏது?

சூத்திரம் ஒப்பந்தத்தில் பத்திரமாக இருந்தது. அதை வாங்க வேண்டியவர்களில் நிறையப் பேரின் பெயர்தான் பதிவேட்டில் இல்லை.

சரி, இப்போது ஹாலிவுட்.

அங்கேயும் ஒரு பஞ்சப்படி உண்டு. பெயர் ‘ரெஸிடுவல்’. நீங்கள் நடித்த படம், எழுதிய கதை மறுபடி மறுபடி ஒளிபரப்பானால், ஒவ்வொரு தடவையும் உங்களுக்கு ஒரு பங்கு. இது தானாகக் கிடைத்ததில்லை. ஐம்பதுகளில் டெலிவிஷன் பெட்டி வீட்டுக்குள் வந்தபோது, ஸ்டுடியோக்கள் தங்கள் படங்களை டி.வி-க்கு விற்றுக் காசு பார்த்தன. நடித்தவருக்கும் எழுதியவருக்கும் அதில் பங்கு? அது பெரிய தகராறானது. 1960-ல் எழுத்தாளர்களும் நடிகர்களும் ஒரே சமயத்தில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்போது நடிகர் சங்கத் தலைவர் யார் தெரியுமா? ரொனால்டு ரீகன்! பிற்பாடு அமெரிக்க ஜனாதிபதியானாரே, அவரேதான். ஆறு வாரத்தில் நடிகர்கள் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். 1960 முதல் எடுக்கும் படங்கள் டி.வி-யில் வந்தால் பங்கு உண்டு. அதற்கு முந்தைய படங்களுக்குப் பதிலாக, ஓய்வூதியத்துக்கும் மருத்துவ வசதிக்கும் ஒரு மொத்தத் தொகை.

நாற்பது வருடத்துக்கும் மேல் அந்தச் சூத்திரம் சோறு போட்டது. ஒரு நல்ல சீரியலில் எழுதிய ஆள், அடுத்த வேலை கிடைக்காத மாதங்களில் பழைய சீரியலின் செக்கை வைத்து வாடகை கொடுத்தார். அப்புறம் இன்டர்நெட் வந்தது. 2007-ல் எழுத்தாளர்கள் 100 நாள் நின்று, அதிலும் எங்களுக்குப் பங்கு என்று கால் வைத்தார்கள். அதற்கும் அப்புறம் நெட்ஃப்ளிக்ஸ், அமேசான் என்று ஓடிடி-காரர்கள் படமெடுக்கவே வந்துவிட்டார்கள்.

டி.வி-யில் ஒரு சீரியலை மறு ஒளிபரப்பு செய்தால் ஊருக்கே தெரியும். எந்தச் சேனல், எத்தனை மணி, எத்தனை தடவை… எல்லாம் எண்ணலாம். ஓடிடி-யில் மறு ஒளிபரப்பு என்ற ஒன்றே கிடையாது. படம் அங்கேயே கிடக்கும். நீங்கள் ராத்திரி ரெண்டு மணிக்குப் பார்ப்பீர்கள், உங்கள் மைத்துனர் அடுத்த வருடம் பார்ப்பார். எத்தனை பேர் பார்த்தார்கள்? அது கம்பெனிக்குத்தான் தெரியும். கம்பெனி சொல்லாது.

2021-ல் உலகத்தையே கட்டிப்போட்ட கொரிய சீரியல் ‘ஸ்குவிட் கேம்’. அதை எழுதி இயக்கிய ஹ்வாங் டாங் ஹ்யூக், அந்தக் கதையைக் கையில் வைத்துக்கொண்டு பத்து வருடத்துக்கு மேல் அலைந்தவர். கஷ்ட காலத்தில் லேப்டாப்பையே விற்றிருக்கிறார். படப்பிடிப்பின்போது மன அழுத்தத்தில் ஆறு பற்கள் போயின என்று அவரே சொன்னார். முதல் சீசன் எடுக்கச் சுமார் 2 கோடி டாலர் செலவு. நெட்ஃப்ளிக்ஸின் உள் கணக்கில் அதன் மதிப்பு கிட்டத்தட்ட 90 கோடி டாலர் என்று அதே வருடம் பத்திரிகைகளில் செய்தி கசிந்தது. ஹ்வாங்குக்குக் கிடைத்தது? ஒப்பந்தத்தில் போட்ட தொகை. இரண்டாவது சீசன் எடுக்க வந்ததற்குப் பணமும் ஒரு காரணம் என்று அவர் மறைக்காமல் சொன்னார்.

இன்னொன்று. ‘சூட்ஸ்’ என்ற வக்கீல் சீரியல் 2019-லேயே முடிந்துபோனது. 2023 கோடையில் நெட்ஃப்ளிக்ஸில் அது மறுபடி பிய்த்துக்கொண்டு ஓடியது. ஒரே வாரத்தில் 300 கோடி நிமிடங்களுக்கு மேல் பார்த்தார்கள். முதல் சீசனை எழுதியவர்கள் ஆறு பேர். ஒரு காலாண்டுக்கு அந்த ஆறு பேருக்கும் சேர்த்து வந்த பங்கு 3 ஆயிரம் டாலருக்கும் குறைவு என்று அவர்களில் ஒருவர் பத்திரிகையில் எழுதினார். ஆறால் வகுத்துக்கொள்ளுங்கள்.

நடிகர்கள் என்றதும் டாம் குரூஸை நினைக்காதீர்கள். அங்கே நடிகர் சங்கத்தின் மருத்துவக் காப்பீடு வேண்டுமானால், 2023 கணக்குப்படி வருடத்துக்கு 26,470 டாலர் நடிப்பில் சம்பாதித்திருக்க வேண்டும். நம்மூர் ஈ.எஸ்.ஐ. மாதிரி வைத்துக்கொள்ளுங்களேன். அந்தக் கோட்டைத் தாண்டுகிறவர்கள் நூற்றுக்குச் சுமார் 14 பேர் என்றது சங்கம். மீதி 86 பேரும் ஒரு சீன், ரெண்டு வசனம் என்று பிழைக்கிறவர்கள்.

2023 மே 2-ம் தேதி எழுத்தாளர்கள் இறங்கினார்கள். ஜூலை 14-ல் நடிகர்களும் சேர்ந்துகொண்டார்கள். செப்டம்பர் 27-ல் எழுத்தாளர் வேலைநிறுத்தமும் நவம்பர் 9-ல் நடிகர் வேலைநிறுத்தமும் முடிந்தன. எழுத்தாளர்கள் வாங்கிய ஒரு ஷரத்தைக் கேளுங்கள். ஒரு சீரியலையோ படத்தையோ, ஓடிடி-யின் உள்நாட்டுச் சந்தாதாரர்களில் 20 சதவிகிதத்துக்குச் சமமான பேர் முதல் 90 நாளில் பார்த்தால், வழக்கமான பங்கோடு பாதி போனஸாக வரும். கூடவே, எத்தனை மணி நேரம் பார்க்கப்பட்டது என்ற கணக்கை ரகசியம் காக்கும் நிபந்தனையோடு சங்கத்திடம் கம்பெனிகள் காட்ட வேண்டும்.

என்னைக் கேட்டால், போனஸைவிட இரண்டாவது ஷரத்துதான் பெரிசு. திருப்பூர் டெய்லரின் பாக்கெட் நோட்டு ஞாபகம் இருக்கிறதா? அவர் தைத்ததை அவரே எண்ண முடியும். அதனால்தான் சனிக்கிழமை அவரால் கணக்குக் கேட்க முடிகிறது. ஓடிடி-க்கு எழுதுகிறவர் கையில் அந்த நோட்டே இல்லை. நோட்டும் பென்சிலும் ரெண்டுமே கம்பெனியிடம். 148 நாள் வீதியில் நின்று ஹாலிவுட் எழுத்தாளர்கள் வாங்கியது அந்த நோட்டை எட்டிப் பார்க்கிற உரிமையை.

நம்ம ஊரில் என்ன நிலைமை?

இங்கே கணக்குக்கு முன்னால் பெயருக்கே சண்டை நடந்திருக்கிறது. திருப்பூரிலிருந்து ஐம்பது கிலோ மீட்டரில் கோவை. நாற்பதுகளில் அங்கே சென்ட்ரல் ஸ்டுடியோ கொடிகட்டிப் பறந்தது. ஜூபிடர் பிக்சர்ஸ் 1948-ல் வெளியிட்ட ‘அபிமன்யு’ படத்துக்கு வசனம் எழுதியவர் இருபதுகளில் இருந்த ஓர் இளைஞர். படம் வந்தபோது வசனகர்த்தாவாக அவர் பெயர் இல்லை. இயக்குநர் ஏ.எஸ்.ஏ.சாமியின் பெயர்தான் இருந்தது. மனசு விட்டுப்போய், வேலையை விட்டுவிட்டுத் திருவாரூருக்கு ரயிலேறினார் அந்த இளைஞர். அவர் பெயர் மு.கருணாநிதி. நாலு வருடம் கழித்து ‘பராசக்தி’ வந்தபோது, வசனத்துக்காகவே கூட்டம் வந்தது. அவருக்கு வாய்த்தது. பெயர் விடுபட்டு, அப்படியே காணாமல் போனவர்கள் எத்தனை பேரோ!

பெயருக்கு அடுத்தது பங்கு. 1957-ம் வருடத்துக் காப்புரிமைச் சட்டத்தை வைத்து ஒரு வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. 1977-ல் தீர்ப்பு. காசு கொடுத்து எழுதச் சொன்னவர் தயாரிப்பாளர், எனவே வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதவரை படப் பாடலின் உரிமையும் அவருக்கே என்று முடிந்தது. தீர்ப்பு சொன்ன நீதிபதிகளில் ஒருவர் வி.ஆர்.கிருஷ்ணய்யர். தீர்ப்போடு ஒத்துப்போனாலும் அவருக்கு மனசு கேட்கவில்லை. பாடுகிறவரின் குரலுக்கு இந்தச் சட்டத்தில் இடமே இல்லையே என்று தனியாக ஒரு குறிப்பு எழுதி, நாடாளுமன்றம் இதைக் கவனிக்க வேண்டும் என்றார்.

நாடாளுமன்றம் கவனித்தது… 35 வருடம் கழித்து! பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவை உறுப்பினராக இருந்து வாதாட, 2012 மே மாதம் சட்டத் திருத்தம் நிறைவேறி, ஜூன் 21 முதல் அமலுக்கு வந்தது. படத்துக்கு எழுதியவரும் இசையமைத்தவரும் தங்கள் ராயல்டி பங்கை யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. வாரிசுக்கும் காப்புரிமைச் சங்கத்துக்கும் மட்டும் விலக்கு. அவசரத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் செல்லாது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் இந்தப் பங்கு கேட்க முடியாது. படம் தியேட்டரில் ஓடும்போது.

கவனித்தீர்களா? தியேட்டரில் மட்டும்தான் கிடையாது. ஓடிடி தியேட்டர் இல்லையே!

2020 மே 29-ம் தேதி, கொரோனாவில் தியேட்டர்கள் மூடிக் கிடந்தபோது, ‘பொன்மகள் வந்தாள்’ நேராக அமேசானில் வெளியானது. தியேட்டர்காரர்கள் கொதித்தார்கள். தயாரிப்பாளர்கள் பதில் சொன்னார்கள். டி.வி. விவாதங்களில் அனல் பறந்தது. தயாரிப்பாளருக்கு என்ன நஷ்டம், தியேட்டருக்கு என்ன நஷ்டம்? எல்லாம் பேசினார்கள். வீட்டு ஹாலுக்கு வந்துவிட்ட இந்தப் படத்தில் எழுதியவருக்கும் நடித்தவருக்கும் என்ன பங்கு என்பது மட்டும் அந்தச் சத்தத்தில் பெரிதாகக் கேட்கவில்லை.

பாட்டு எழுதுகிறவர், இசையமைப்பவர் பாடு பரவாயில்லை. அவர்களுக்காக வசூல் செய்ய 1969-லிருந்து ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் இருக்கிறது. பண்பலை வானொலிகள் அவர்களுக்குப் பணம் கட்ட வேண்டும் என்று 2023-ல் மும்பை ஹைகோர்ட்டும் சொன்னது. கதை, வசனம் எழுதுகிறவர்? சட்டத்தில் இருக்கும் வார்த்தை ‘இலக்கியப் படைப்பு’. திரைக்கதையும் வசனமும் அதில் சேர்த்திதான் என்பது எழுத்தாளர்கள் வாதம். நடிகர்களுக்கும் அதே 2012 திருத்தத்தில் ராயல்டி பற்றி ஒரு வரி இருக்கிறது. ஆனால், நடைமுறையில் பெரும்பாலும் மொத்தமாக ஒரு தொகை, ஒரு கையெழுத்து. அத்தோடு சரி. பீஸ் ரேட் கூட இல்லை இது. ஒரே ஒரு பீஸுக்குக் காசு, மீதி ஆயிரம் பீஸ் இலவசம்.

ஓடிடி கம்பெனிகள் பக்கமும் நியாயம் உண்டு. பத்துப் படம் வாங்கினால் எட்டு ஓடாது. நஷ்டத்தில் எழுத்தாளர் பங்கு கேட்க வருவதில்லையே என்பார்கள். 1984-ல் திருப்பூர் முதலாளிகளுக்கு இருந்ததும் அதே பயம்தான். தவறில்லை. ஆனால், ஓடாத படத்துக்கு யாரும் பங்கு கேட்கவில்லை. எது ஓடியது, எவ்வளவு ஓடியது என்று கணக்கைக் காட்டச் சொல்கிறார்கள்.

திருப்பூர் அனுபவம் இங்கேதான் பாடமாகிறது. ஒப்பந்தத்தில் சூத்திரம் ஏறிவிட்டால் போதாது. மஸ்டர் ரோலில் பேரும், பாக்கெட்டில் ஒரு நோட்டும் வேண்டும். 127 நாள் பட்டினி கிடந்து சூத்திரத்தை வாங்கிய ஊரிலேயே, கான்ட்ராக்டருக்குக் கீழே போனவர்களுக்கு அது எட்டாமல் போனது. நம் சினிமாக்காரர்கள் கையிலும் 2012-லிருந்து சட்டம் இருக்கிறது. நோட்டு இன்னும் வரவில்லை.

அன்றைக்கு அந்த டீக்கடையில் பக்கத்து பெஞ்சில் இரண்டு பையன்கள் டீ பிரேக்கில் செல்போனில் ஏதோ சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எபிசோடு முடிந்து, எழுதியவர், நடித்தவர் என்று பெயர்கள் ஓட ஆரம்பித்தன. சில விநாடிதான். திரை தானாகவே அடுத்த எபிசோடுக்குத் தாவியது. ஒரு பெயரைக்கூட யாரும் படித்திருக்க முடியாது.

பெரியவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். சட்டைப் பையில் நோட்டு இருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

‘‘வரட்டுங்களா தம்பி… ஷிப்ட்டுக்கு நேரமாச்சு.’’